பதினொன்றாவது மாவட்டம்

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
மோட்டல் அறை எண் ஒன்பது.
வெளியே பனிவாரி வண்டி போவது
கட்டில் கால் வழியாக
என் குதிகாலுக்குத் தெரிகிறது.

ரிசீவரை அதன் இரண்டு ரப்பர் குழிகளில்
குப்புறப் படுக்க வைக்கிறேன்.
ஒன்பது, ஒன்று, ஒன்று.
சிவப்பு விளக்கு சீராகத் துடித்தால்
மணி அடிக்கிறது.
தாறுமாறாகப் படபடத்தால்
யாரோ பேசுகிறார்கள்.
அணைந்தால்
வைத்துவிட்டார்கள்.

காலையிலிருந்து பத்து மாவட்டம்.
நாலு பேர் வைத்துவிட்டார்கள்.
ஒரு இடத்தில் கருவியின் மின்கம்பி
காபி இயந்திரத்துக்குப் போயிருந்ததாம்,
மதியம் தொலைநகலில் வருந்தினார்கள்.
இன்னோரிடத்தில் கருவி
எழுத்தை எண்ணாகப் படித்தது.
தீ என்று நான் அடித்த நாலெழுத்து
அங்கே ஒரு வியப்புக்குறி, எட்டு, நான்கு, மூன்று.
எண்ணூற்று நாற்பத்து மூன்று எந்தத் தெருவில் என்று
பொறுமையாகத் திருப்பிக் கேட்டார் ஒரு பெண்.
வீடு எரிந்துகொண்டிருந்தது.

படிவத்தில் கட்டங்கள் உண்டு:
எடுக்க எத்தனை நொடி,
கருவியை இணைக்க எத்தனை நொடி,
மரியாதை, ஆம் அல்லது இல்லை.
விதி ஒரே வரி:
சத்தமில்லாத அழைப்பை வைக்காதே, கருவியைப் போடு.
அவர்கள் அதை மௌனம் என்கிறார்கள்.
நான் அதில் ஐம்பத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன்.
பெயர் வைக்கத் தோன்றியதில்லை.

பத்து நாற்பதுக்குப் பதினொன்றாவது.
விளக்கு இரண்டு முறை துடித்தது,
கொஞ்சம் படபடத்தது, நின்றது.
இவனும் வைத்துவிட்டான் என்று
பென்சிலை எடுத்தேன்.
அப்போதுதான் திரையில் ஒவ்வொன்றாக,
கையுறையைக் கழற்றாமல் அடித்த மாதிரி:

அவசரம் என்ன சொல்லுங்கள் ஜி.ஏ.

ஜி.ஏ. என்றால் நான் முடித்தேன், இனி உன் முறை.
வாயால் பேசுகிறவர்களுக்கு இப்படி ஒரு சொல் இருந்தால்
எத்தனை கல்யாணம் பிழைத்திருக்கும் என்று
வெர்னன் கைகளால் சொல்வார்.
அவருக்கும் காது கேட்காது.
எங்களுடையதும் பிழைக்கவில்லை.

இது சோதனை, அடித்தேன்,
அவசரம் எதுவுமில்லை,
டார்லீன் வ்ரப்கா, மாநில அலுவலகம்,
பதினாலு நொடி, நன்றாகச் செய்தீர்கள் ஜி.ஏ.

இங்கே எஸ்.கே. வரவேண்டும்.
கையெடுக்கிறேன், போய்வாருங்கள் என்று பொருள்.
வரவில்லை.

என் பெயர் லாயல் ஸ்டென்பர்க்
ஒன்று கேட்கலாமா
முந்தின வருடம் அக்டோபர் பத்தொன்பது
ராத்திரி இரண்டேகால்
நெடுஞ்சாலைப் பொதுத் தொலைபேசி
குரல் இல்லை
எதையோ தட்டுகிற மாதிரி மூன்று முறை
பிள்ளைகள் விளையாட்டு என்று வைத்துவிட்டேன்
விடிந்து ஆள் போனபோது யாருமில்லை
அது உங்கள் சோதனையா ஜி.ஏ.

நோட்டைப் புரட்டினேன்.
புரட்டவே தேவையில்லை,
ராத்திரி பதினொன்றுக்குமேல் நாங்கள் சோதிப்பதில்லை.
ஆனாலும் புரட்டினேன்,
அக்டோபர் மாதம் முழுவதும்,
பிறகு செப்டம்பர்.

ஆம் என்று அடித்தால்
இந்த மனிதன் இன்றைக்குத் தூங்குவான்.
நானும் ஒரு டிக் போட்டுவிட்டு விளக்கை அணைப்பேன்.

இல்லை, அடித்தேன்.
நான் இல்லை.
யாரென்று எனக்கும் தெரியாது.
விரல் கொஞ்சம் நின்றது.
ஜி.ஏ.

எழுத்து வரவில்லை.
விளக்கு அணையவும் இல்லை.
அணையாதவரை அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது.

எவ்வளவோ நேரம் கழித்து அவன்
இடைவெளிக் கட்டையை ஒருமுறை தட்டினான்.
என் திரையில் ஒன்றுமில்லாத ஓரிடம்
ஒரு அங்குலம்கூட இல்லை,
இடப்பக்கம் நகர்ந்தது.

நானும் ஒன்று தட்டினேன்.

குதிகாலில் மறுபடி பனிவாரி வண்டி.
படிவத்தில், அழைப்பு முடிந்த நேரம் என்ற கட்டத்தில்
பென்சில் முனையை வைத்தேன்,
எடுத்தேன்.